மோர்ப் பந்தல் உபயம்

கை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள டாக்டருக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. முந்தானையை விலக்கிப் பார்த்தார். முழங்கைக்கு மேலே எவ்வளவு மிச்சம் என்று நாடா வைத்து அளந்தார். எழுபத்தைந்து சதவீதம் ஊனம் என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மருத்துவம் அத்துடன் முடிந்தது. மற்றவை பாக்கி இருந்தன. அந்த மற்றவைதான் தனகோட்டியைப் பதினோரு மாதமாக அலைக்கழித்துக்கொண்டிருந்தன.

போன வாரம் வரை இந்தக் குடும்பத்தோடு கூடவே வந்தவர்களுக்கு அவள் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. மூன்றரை வருஷத்துக்கு முன்பு வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் காய் கொட்டும்போது மிஷின் பட்டை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தது. தலைப்போடு வலது கையும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் மாதம் புருஷன் கோதண்டராமன், பெங்களூரில் கம்பெனி வேலை என்று சொல்லிப் பஸ் ஏறினான். ஏறினவன் ஏறினவன்தான். பிள்ளை குட்டி இல்லை. தம்பி விநாயகம் அக்காவைச் செஞ்சி சிறுகடம்பூரில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு அவள் மனுப் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கே வந்து விசாரிப்போம் என்று தாலுகா ஆபீஸிலிருந்து சீட்டு வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்துவிட்டது.

மீனம்பாள் சீப்பும் எண்ணெயுமாக வந்து நாத்தனாரின் பின்னால் உட்கார்ந்தாள். விநாயகத்தின் மனைவி. ஒரு கையால் தலையை வாரிக்கொள்ளலாம், பின்னிக்கொள்ள முடியாது. மூன்று வருஷமாகத் தினமும் பின்னிவிடுவது மீனம்பாள்தான். ஊர்க்கதை, வீட்டுக்கதை, விநாயகத்தைப் பற்றிய புகார் எல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் பேசித் தீர்ந்துவிடும்.

"இன்னா மீனா, இவ்ளோ இறுக்கிப் பின்ற."

"ஆபீசரு வர்றாரு அண்ணி. தலை கலைஞ்சி நின்னா நம்மள இன்னா நெனைப்பாரு."

"இல்லாதவன்னு நெனைப்பாரு. நெனைக்கட்டுமே. அதுக்குத்தான வர்றாரு."

"அது எப்டி. இல்லாதவங்கன்னா அலங்கோலமாதான் நிக்கணுமா? நம்ம வூட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்குது இல்ல."

பேச்சோடு பேச்சாகக் கனகாம்பரச் சரம் ஒன்றைச் செருகிவிட்டாள். பொங்கலுக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிவிட்டாள். விநாயகமும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் இரும்பு நாற்காலி ஒன்று இரவல் வாங்கி வாசலில் போட்டான். கடையில் ஒரு பாட்டில் கலர் வாங்கி வந்து, சூடாகிவிடக் கூடாதென்று தண்ணீர் வாளியில் நிறுத்தினான். வருகிறவர் யாராக இருந்தாலும் வீடு தேடி வந்த விருந்தாளி என்று நினைக்கிற ஜாதி இவர்கள். வருகிறவர் என்ன நினைத்து வருகிறார் என்று யோசிக்கத் தெரியாது. அதுதான் அன்றைக்குச் செய்த முதல் தப்பு.

தனகோட்டிக்கு அந்த உதவித்தொகையின் மேல் இருந்த ஆசையைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. மாதம் பிறந்தால் போஸ்ட்மேன் வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தான் எழுந்து போய் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் தோள் குடையும்போது ஆஸ்பத்திரிக்குப் பஸ் சார்ஜ் கேட்டுத் தம்பி முகத்தைப் பார்த்து நிற்கக் கூடாது. தம்பி இல்லை என்று சொன்னதே இல்லை. அதனால்தான் கேட்பது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

பத்தரை மணிக்கு மொபெட்டில் வந்து இறங்கினார் சுந்தரமூர்த்தி. வருவாய் ஆய்வாளர். வெளியூர்க்காரர். குணத்தில் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கடுகடுப்பு இல்லை, அதட்டல் இல்லை, காசு கேட்கிற பார்வையும் இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். கலரைக் குடித்தார். பைலைப் பிரித்தார். பிரித்தவர் நிமிர்ந்தபோது சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அவர் கண்ணில் பட்டது.

திரௌபதி அம்மன் தீமிதி நோட்டீஸ் அது. ரோஸ் காகிதம். நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: மோர்ப் பந்தல் உபயம், திருமதி தனகோட்டி அம்மாள். அவள் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்த இரவில் மீனம்பாள் வேண்டிக்கொண்டது. உயிர் பிழைத்தால் தீ மிதிக்கிறவர்களுக்கு மோர் கொடுக்கிறோம் தாயே என்று. கொடுத்தார்கள். வீட்டு மாட்டுப் பாலைத் தோய்த்துக் கடைந்து, உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்த்து மூன்று நாள் ஊற்றினார்கள். நோட்டீஸில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டபோது விநாயகம் அக்கா பெயரைச் சொன்னான். அவள் பெயர் அச்சில் வரட்டும் என்று ஆசை அவனுக்கு.

"தனகோட்டி அம்மாள்னா வேற யாராவதா?" என்றார் சுந்தரமூர்த்தி.

விநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அக்காதான் சார். மூணு நாளும் நம்ம பந்தல்தான்."

அவர் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று விநாயகம் எட்டிப் பார்த்தான். எழுதி முடித்துவிட்டு அவரே சொன்னார். "கோயிலுக்கு உபயம் செய்யற வசதி இருக்குன்னு வருது."

"மோரு சார் அது. எங்க வூட்டு மாடு."

"மாடு யார் பேர்ல இருக்கு?"

மாட்டுக்குப் பட்டா உண்டா என்ன. விநாயகம் விழித்தான். தெருவில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"சரி. நீங்கதானேம்மா தனகோட்டி? மனுவுல கணவரால் கைவிடப்பட்டவர்னு இருக்கு. நோட்டீஸ்ல திருமதி. கழுத்துல தாலி இருக்கு, தலையில பூ இருக்கு. ரெண்டுல எது?"

"ரெண்டுந்தான் சார்."

"அப்படி ஒரு கட்டம் இந்தப் பாரத்துல இல்லம்மா. அவர் எங்க இருக்கார்?"

தனகோட்டி வாயைத் திறப்பதற்குள் விநாயகம் முந்திக்கொண்டான். அவன் கண் தெருவில் நின்றவர்கள் மேல் இருந்தது. "பெங்களூர்ல சார். கம்பெனில இருக்காரு. லீவு கெடைக்கல, அதான் வரல."

மூன்று வருஷமாக ஊருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய். அக்காவைப் புருஷன் தள்ளிவிட்டான் என்று நாலு பேர் காது படச் சொல்ல அவனுக்கு வரவில்லை. அந்த மானம் பொல்லாதது. இருக்கிறவனை விட இல்லாதவனைத்தான் அது அதிகம் பிடித்து ஆட்டும்.

"அப்ப கணவர் சம்பாதிக்கிறார்," என்று அவர் எழுதினார்.

"மூணு வருசம் ஆச்சி சார். ஒரு காயிதம் கெடையாது," என்றாள் தனகோட்டி.

"அவர் சொல்றது வேற மாதிரி இருக்கேம்மா. சமையல் தனியா, சேர்ந்தா?"

இதற்கு மீனம்பாள் பதில் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். "தனியா எதுக்கு சார்? ஒரே அடுப்புதான். ரசஞ்சோத்தப் பெசஞ்சி குடுக்கறதுகூட நான்தான். எங்க அண்ணிக்கு ஒரு கொறை வெக்கல நாங்க."

"அப்ப தம்பி பராமரிக்கிறார்." அதையும் எழுதிக்கொண்டார்.

கேள்விகள் முடிந்துவிட்டன. பைலைக் கட்ட நாடாவை எடுத்தார். தனகோட்டி நம்ப முடியாமல் பார்த்தாள். மாட்டைக் கேட்டார், பூவைக் கேட்டார், அடுப்பைக் கேட்டார். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கைய பாக்கலியா சார்?"

"அது டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாரேம்மா. கை விஷயத்துல ஆட்சேபணை எதுவும் இல்ல."

அவள் பொதுவாக ஆபீஸ்காரர்களிடம் குரல் உயர்த்துகிறவள் அல்ல. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஆனால் தெருமுனை வரைக்கும் கேட்டது. "தம்பி ஒரு வாய் சோறு போட்டா எனக்குக் கை மொளைச்சிடுதா சார்? தலையில பூ வெச்சா மொளைச்சிடுதா? கெணத்துல தண்ணி சேந்த முடியல, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியல. அதுக்குத்தான மனு குடுத்தேன். மோருக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

சுந்தரமூர்த்தி சங்கடப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "கேள்வியெல்லாம் நான் அச்சடிச்சது இல்லம்மா," என்றார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். போகும்போது இரண்டு காகிதம் கேட்டுவிட்டுப் போனார். அக்காவைத் தான் பராமரிக்கவில்லை என்று தம்பி எழுதித் தர வேண்டும். மனைவியைக் கைவிட்டுவிட்டேன் என்று புருஷன் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் மனு தள்ளுபடி.

கைவிட்டுப் போனவனைத் தேடிப் பிடித்து, கைவிட்டது உண்மைதான் என்று அவனிடமே அத்தாட்சி வாங்கி வர வேண்டுமாம். திருட்டுக் கொடுத்தவன் திருடனிடம் ரசீது வாங்கி வந்தால்தான் புகாரை எடுப்போம் என்று ஸ்டேஷனில் சொன்னால் எப்படி இருக்கும்? அங்கே கேட்டால் சிரிப்போம். இங்கே கேட்டால் பாரம் என்கிறார்கள்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் மூன்று பேரும் பஷீர் அகமதுவிடம் போனார்கள். ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மரப்பெட்டி போட்டு மனு எழுதுகிறவர். தனகோட்டியின் மனுவை எழுதியவரும் அவர்தான். நடந்ததைக் கேட்டதும் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"சேரு போட்டு, கலரு குடுத்து, பூ வெச்சி, புதுப் பொடவை கட்டி. பொண்ணு பாக்கவா வந்தாரு? விசாரணைக்கு வர்றாருன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"வர்றவங்களுக்கு ஒரு சேரு போடறது தப்பா பாய்?" என்றாள் மீனம்பாள்.

"தப்பில்லம்மா. அவங்க கண்ணுக்கு அது வசதி. இருபது வருசமா இந்த மரத்தடியில ஒக்காந்திருக்கேன். ரெண்டு காலும் வெளங்காத ஒருத்தர், அப்பன் கட்டுன மச்சு வீடு இருக்குதுன்னு தள்ளிட்டாங்க. அந்த மச்சு ஒழுகுது. கண்ணு தெரியாத ஒரு பெரியம்மா, இருவது வயசுல புள்ள இருக்கான்னு இல்லன்னுட்டாங்க. அவன் எந்த ஊர்ல இருக்கான்னு பெத்தவளுக்கே தெரியாது. ஒடம்புல இன்னா கொறைன்னு டாக்டரோட முடிஞ்சிபோவுது. மத்தவங்க பாக்கறது ஒடம்ப இல்ல. சுத்தி யாரு நிக்கறாங்கன்னு பாக்கறாங்க. ஒருத்தன் நின்னாலும் போச்சி."

சொல்லிக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். எழுதியதைப் படித்தார். "எனது சகோதரி தனகோட்டியை நான் ஆதரிக்கவில்லை. உணவோ உடையோ கொடுப்பதில்லை. என் வீட்டில் அவருக்கு இடமில்லை. இப்படிக்கு விநாயகம்."

விநாயகம் தாளைத் தொடவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பேருக்குத்தான்ப்பா," என்றார் பஷீர் அகமது.

"பேருக்கும் வேணாம் பாய். எங்க நைனா சாகறப்போ அக்கா கையத்தான் எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு மேல போயி அந்த மனுசன் மொகத்துல முழிக்க வேணாமா?"

"குடுங்க, நான் போடறேன்," என்றாள் மீனம்பாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னா பாக்கறீங்க? நாத்தனாரைச் சோறு போடாம வெரட்டுனவன்னு எழுதுங்க. வெரட்டாமயே ஊரு என்னைய அப்டித்தான் பேசுது. பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கினு அக்காவைத் தள்ளி வெச்சிட்டான்னு சொன்னா யாரும் நம்பாம இருக்க மாட்டாங்க. அந்தக் கெட்ட பேரு எனக்கே இருக்கட்டும். அண்ணிக்குப் பணம் வந்தா போதும்."

தனகோட்டி நகர்ந்து போய் மீனம்பாளின் தோளை ஒட்டி நின்றுகொண்டாள். இத்தனை வருஷம் பின்னிவிட்டவள் இப்படிப் பேசுவாள் என்று தெரிந்ததுதான். இருந்தாலும் காதால் கேட்கும்போது அது வேறாக இருந்தது.

பஷீர் அகமது தலையை ஆட்டினார். "உன் கையெழுத்து செல்லாதும்மா. குடும்பத் தலைவர் போடணும்."

"சோறாக்கிப் போடறது நானு. போடலன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

அதற்கும் அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் இல்லை.

"யாரும் போட வேணாம்," என்றாள் தனகோட்டி. "அப்டி ஒண்ண எழுதிக் குடுத்துட்டு அதே வூட்ல நான் எப்டி ஒக்காந்து சாப்புடறது? கிழிச்சிப் போடுங்க பாய். ரெண்டாவது காயிதத்துக்கு வழி சொல்லுங்க."

"வூட்டுக்காரர் எழுதிக் குடுத்துட்டார்னா அதை வெச்சே நான் மேல வாதாடலாம். ஆனா பெங்களூர்ல எங்கன்னு போயி தேடறது?"

விநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டான். மரத்தைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

"பெங்களூர்ல இல்ல," என்றான்.

"இன்னா சொல்ற?"

"அவலூர்பேட்டையில இருக்கான். போன வருசம் சந்தைக்குப் போனப்போ பாத்தேன். பஸ் ஸ்டாண்டாண்ட பொட்டிக்கடை வெச்சிருக்கானாம். கட வரைக்கும் நான் போவல. சந்தையிலயே கால்ல விழாத கொறையா கேட்டேன், வந்துடு மாமான்னு. மாட்டேன்னுட்டான்."

அவலூர்பேட்டை. ஒரு மணி நேரத்துப் பஸ். பெங்களூர் என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்த மனுஷன், கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் வந்து சேரும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். தம்பிக்கு அது ஒரு வருஷமாகத் தெரியும்.

"மீனா, உனக்கும் தெரியுமா?"

மீனம்பாள் புருஷனை முறைத்த முறைப்பே பதிலாக இருந்தது. அவளுக்கும் சொல்லவில்லை அந்த மகராசன்.

"உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னுதான் அக்கா," என்றான் விநாயகம்.

"கையே போச்சி. அதைத் தாங்கனேன் இல்ல." அவள் தம்பிக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "ஊருக்குச் சொல்றதுக்கு ஒரு பொய்யி, சரி. எனக்கும் அதே பொய்யா? காலைல அந்த ஆபீசரண்ட நான் ஒண்ணு சொல்ல, நீ ஒண்ணு சொல்ல, யாரை நம்புவாரு அவரு? நீ மானம் பாத்தே, என் மனு போச்சி."

தம்பி தலை குனிந்துகொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற மனநிலையில் அன்று அவள் இல்லை.

பஷீர் அகமது கேட்காமலே இன்னொரு தாள் எடுத்தார். நாலே வரி எழுதினார். கோதண்டராமன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கீழே கோடு போட்டார். தனகோட்டி இடது கையால் வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள்.

"நானும் வர்றேன் அக்கா," என்றான் விநாயகம்.

"நீ போயி மாட்டைக் கற. மீனா வந்தா போதும்."

இரண்டரை மணிப் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை பின்னால் போய் மறைந்தது. மீனம்பாள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவனைக் கண்டால் இதைக் கேட்பேன், அதைக் கேட்பேன் என்று பட்டியல். தனகோட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சண்டை போடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். ஏன் விட்டுப் போனாய் என்று கேட்கக் கூடாது. யாரோடு இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது. கையெழுத்து. அது மட்டும்தான் அவனிடம் தனக்கு வேண்டியது.

அவலூர்பேட்டையில் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. மல்லாட்டை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றது. பூ விற்கிற அம்மாளிடம் மீனம்பாள் விசாரித்தாள்.

"கோதண்டராமன்னு ஒருத்தரு. இங்க கட வெச்சிருக்காராமே?"

"கையில்லாதவங்க கடையா? அதோ, அந்த நீலக் கட."

"கையில்லாதவங்களா?"

"அப்டித்தான் சொல்லுவாங்க. பெயிண்டுல எழுதிக்கூட இருக்குதே."

தனகோட்டிக்குப் புரியவில்லை. கோதண்டராமனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தானே இருந்தது. இவனுக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு கணம் பதறக்கூடச் செய்தாள். பெண் மனசு அப்படி ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது.

நீலத் தகரக் கடை. முன்னால் வாழைப்பழத் தார், கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய், பீடிக் கட்டுகள். தகரத்தின் நெற்றியில் வெள்ளை எழுத்து. தனகோட்டி ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமலே படித்தாள்.

உடல் ஊனமுற்றோர் ஒதுக்கீடு. உரிமையாளர்: தனகோட்டி.

இரண்டாம் முறையும் படித்தாள். அதே பெயர்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளியாமல் கிடந்த நாட்களில் அவன் காகிதங்கள் கொண்டு வருவான். மில்லுக்குக் கொடுக்க வேண்டும் என்பான். அவள் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டு ஒற்றி எடுத்துக்கொண்டு போவான். எத்தனை காகிதம் என்று அவளுக்கு நினைவில்லை. அவற்றில் ஒன்று இங்கே நீலத் தகரமாக எழுந்து நின்றது.

கடைக்குள் கோதண்டராமன் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். இரண்டு கையாலும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அவன் கண் முதலில் அவள் தோளுக்குப் போயிற்று. அப்புறம்தான் முகத்துக்கு வந்தது.

"தனம். நீ எங்க இங்க."

அவள் போர்டைக் காட்டினாள்.

"சத்தம் போடாத," என்றான். அவள் இன்னும் ஒரு சத்தமும் போட்டிருக்கவில்லை. "ஊனமுற்றவங்க பேருலதான் எடம் குடுக்கறாங்க. என் பேருல கேட்டா குடுப்பாங்களா? நீ வந்து நாள் முழுக்க ஒக்கார முடியுமா சொல்லு. கொஞ்சம் நிமிர்ந்ததும் உனக்கும் ஏதாச்சும் குடுத்தனுப்பலாம்னுதான் இருந்தேன்."

"மூணு வருசமா இன்னும் நிமிரலியா நீ?" என்றாள் மீனம்பாள். பஸ்ஸில் போட்ட பட்டியலில் இது இல்லை. "நல்லா நெமிர்ந்துதான ஒக்காந்திருக்க."

தனகோட்டி அவளைக் கையமர்த்தினாள். "உதவித்தொகை கேட்டு மனு போட்டிருக்கேன். விசாரணை நடக்குது."

அவன் முகம் மாறியது. சுண்ணாம்பு விரலை வேட்டியில் துடைத்தான்.

"மனுவா? யாரைக் கேட்டுப் போட்ட? ஒரு ஆளுக்கு ரெண்டு சலுகை குடுக்க மாட்டாங்க. உன் பேருல கட இருக்குதுன்னு தெரிஞ்சா அது கெடைக்காது. மறைச்சி வாங்கப் பாத்தன்னு கண்டுபுடிச்சா இதுவும் பூடும். மொதல்ல போயி அதை வாபஸ் வாங்கு. ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

காலையிலிருந்து அவள் தனக்கு யாருமில்லை என்று நிரூபிக்கப் பட்ட பாட்டை நீங்கள் பார்த்தீர்கள். சோறு போடும் தம்பி குறுக்கே நின்றான், அடுப்பு நின்றது, மாடு நின்றது. ஆனால் எழுதப் படித்தவர்களின் காகிதத்தில் அவளுக்கு ஒரு கடையே இருந்தது. அந்தக் கடைக்குக் கையை அவள் கொடுத்தாள். அதன் மேல் ஏறி இவன் உட்கார்ந்திருந்தான், கேள்வி கேட்க ஒரு பாரமும் இல்லாமல்.

கையெழுத்து வாங்க வந்ததாக ஒரு நினைவு. அதை அவள் இப்போது கேட்கவில்லை. கடையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போனாள். அங்கே இடுப்புயரத்தில் ஒரு தகரக் கதவு இருந்தது. இடது கையால் தாழ்ப்பாளை எடுத்தாள். உள்ளே போனாள். இரண்டு பேர் நிற்க இடமில்லாத கடை. ஜாடி ஒன்று ஆடியது.

"எழுந்திரு," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் ஒருமையில் பேசியதில்லை.

"பைத்தியமா உனக்கு? நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். எழுந்திரு."

கோதண்டராமன் எழுந்திருக்கவில்லை. அவளும் நகரவில்லை. மீனம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடை முன்னால் வந்து நின்றாள். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பீடி வாங்க வந்த ஆள் ஒருவர் காசை நீட்டியபடியே உள்ளே மாறி மாறிப் பார்த்தார்.

"யாருப்பா இந்தம்மா?" என்று கோதண்டராமனைக் கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் தனகோட்டி முந்திக்கொண்டாள்.

"கடைக்காரி," என்றாள். "உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க."